கீழத்தெரு வால்வு

விடிகாலை ஐந்தரைக்குத் திறக்கிறேன்.
கீழத்தெருவுக்குத் தண்ணீர் போய்ச் சேர
நாற்பது நிமிடம்.
முப்பதிலேயே டேங்க் காலி.

மாரிக்கண்ணு அக்கா மனு கொடுத்தது
திங்கட்கிழமை, திருவாரூருக்கு பஸ் ஏறிப் போய்.
கலெக்டர் ஆபீஸ், ஒன்றியம், ஊராட்சி என்று
முறைவைத்துத் திறந்துவிட்ட ஆற்றுத் தண்ணீராய்
மேசைக்கு மேசை தேங்கி
கடைமடையில் என் கைக்கு வந்து நின்றது:
‘டேங்க் ஆபரேட்டர் அறிக்கை தரவும்.’

என்ன எழுத?
குழாய் புதைத்தவன் வாட்டம் பார்க்கவில்லை என்றா?
எனக்கு நாலு மாதச் சம்பளம் பாக்கி என்றா?
‘ஆவன செய்யப்படும்’ என்றெழுதி
கையெழுத்தும் போட்டேன்,
ஒற்றுப்பிழை இல்லாமல்.

மறுநாள் டேங்கடிக்கு வந்தது அக்கா,
இடுப்பில் வெறுங்குடம், கையில் போன்.
‘கண்ணாடி எடுத்தாரல, நீயே படி தம்பி.’

தங்கள் கோரிக்கை மீது
தீர்வு காணப்பட்டது.

‘இன்னொருக்கா படி.’

படித்தேன்.
திட்டவில்லை. குடத்தை
இடுப்பு மாற்றிக்கொண்டு போனது.

இன்றைக்கு
மேலத்தெரு வால்வைப் பாதி மூடிவிட்டேன்.
எந்த உத்தரவும் இல்லை.
கீழத்தெருவில் குழாய் முதலில் காற்றைத் துப்பி
இருமி
செம்மண் நிறத்தில் கொஞ்சம்
பிறகு தெளிந்து.

சட்டைப்பையில் போன் அடிக்கிறது.
மேலத்தெரு.