இருபத்து மூன்று குக்கர்கள்

ஆறாயிரம் அடியில் தண்ணீருக்கு அவசரம் அதிகம்.
தொண்ணூற்று நாலிலேயே கொதித்துவிடும்,
பருப்பு மட்டும் அசையாது.
அதனால் இங்கே குக்கர்
சீர்வரிசைச் சாமான் இல்லை,
அடுப்பின் பாதி.

நான்தான் கொண்டுவந்தேன் அவற்றை.
தீபாவளித் தள்ளுபடி, மூடியில் தாமரைப் படம்,
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
நெடுகுளாவுக்கு நாலு, ஓரசோலைக்கு மூன்று,
கட்டபெட்டுக்கு ஐந்து,
கீழ்கோத்தகிரித் தோட்ட லயன்களுக்கு மட்டும் பதினொன்று.
கையெழுத்து வாங்கினேன், போட்டோ எடுத்தேன்.
ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது
என் வேலையில்லை.

மார்கழியில் வெடித்தது, செபமாலையின் வீட்டில்.
உருக வேண்டிய வால்வு உருகவில்லை,
மூடி பறந்தது.
கூரைத் தகரத்தில் துவரம்பருப்பு
இன்னும் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது.
கொழுந்து கிள்ளும் வலது கை,
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை.

அவள் மகன் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி,
சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில் நின்று
பத்தொன்பது பதினைந்துக்கு அடித்தான்.
ஒரு நீளமான எண் கொடுத்தார்கள்.
அதைச் சுவரில் கரியால் எழுதி வைத்தான்.

தில்லியில் ஓர் ஆணையம் இருக்கிறதாம்.
ஒருவரும் மனுப் போடாவிட்டாலும்
தானாக எழுந்து விசாரிக்குமாம்.
கிட்டங்கிக்குள் ஆள் அனுப்பும்,
பேரேட்டைத் தூக்கி வரும்.
விற்காதே என்னும், விற்ற காசைத் திருப்பு என்னும்,
பொய் விளம்பரத்துக்கு லட்சக்கணக்கில் தண்டம் போடும்.
அந்தக் குக்கரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துச்
சிரித்த நடிகைக்கும் ஒரு நோட்டீஸ் போகும்:
நீ இதில் ஒரு நாளாவது சோறு வைத்தாயா
என்ற கேள்வியை
ஆங்கிலத்தில் நாலு பக்கத்துக்கு எழுதி.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது புரட்டாசியில்.
உத்தரவின் நகலை மேனேஜர் வாட்ஸப்பில் அனுப்பினார்,
கீழே ஒரு வரி:
போஜன், உன் ரூட்டில் 23. எடுத்து வா.

கொடுக்க ஒரு கை போதும்.
திருப்பி வாங்கத்தான் வாய் வேண்டியிருக்கிறது.
ஓரசோலை மாதியம்மா
'நல்லாத்தானே விசிலடிக்குது' என்று
கதவைப் பாதி சாத்தினார். மீதியையும் பிறகு.
கட்டபெட்டில் ஒன்று
மகளோடு மேட்டுப்பாளையம் போயிருந்தது.
நெடுகுளாவில் ஒன்றில் புதினா வளர்ந்திருந்தது.
செடியோடு எடுக்கலாமா என்று ஆபீசுக்குப் போன் போட்டேன்.
இன்னொரு வீட்டில் அப்போதுதான் அடுப்பில் இருந்தது.
நானும் வீட்டுக்காரரும்
எட்டடி தள்ளி வாசலில் நின்றோம்,
விசிலுக்கு விசில் தோளைக் குறுக்கிக்கொண்டு.

செபமாலை அடிப்பாத்திரத்தை மட்டும் தந்தாள்.
மூடியைக் கலெக்டர் ஆபீசிலிருந்து இருவர் வந்து
அரக்கு வைத்து எடுத்துப் போயிருந்தார்கள்.
'எல்லாருக்கும் அறுநூத்துத் தொண்ணூத்தொம்பது.
எனக்கும் அதேதானா தம்பி?'

உத்தரவை மறுபடி மேலிருந்து தள்ளிப் பார்த்தேன்.
நுகர்வோர், நுகர்வோர், நுகர்வோர்.
பதினாலு பக்கத்திலும்
செபமாலை என்று ஒரு பெயர் இல்லை.
எல்லாருக்காகவும் பேசுவது அதன் வேலை.
ஒரு கைக்கு விலை சொல்லும் இடம் வேறு:
உதகையில், மாவட்ட ஆணையம்.
தனி மனு, தனி வாய்தா,
நாள்கூலி போக ஏழே முக்கால் பஸ்.
'வாங்கினதுக்கு அத்தாட்சி கேப்பாங்களே,
பில்லு அடுப்புல போச்சு' என்றாள்.

டெலிவரிப் படங்கள் ஆப்பில் ஒரு வருஷம் நிற்கும்.
இன்னும் பதினெட்டு நாள் பாக்கி.
யாருக்கும் தரக்கூடாது என்பது விதி.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை,
கலர் பிரிண்ட் இருபது ரூபாய்.
வெளியே வண்டியில் இருபத்தொரு குக்கர்,
ஒன்றில் புதினா.
தாளில் செபமாலை பெட்டியோடு நிற்கிறாள்,
தேதி, மணி, வெயில் எல்லாம் விழுந்திருக்கிறது.
முகம் கொஞ்சம் ஆடிவிட்டது.
கை ஆடவில்லை. முழங்கை வரை தெளிவாக இருக்கிறது.
இரண்டு பிரதி போடச் சொன்னேன்.