ஆரஞ்சு வயர்

எங்கள் வீடு நனையவில்லை.
இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
லீட்ஸிலிருந்து அழைத்த தங்கையிடம்
"சமாளிக்கிறோம்" என்றேன்.
சமாளிக்க என்ன இருந்தது எங்களுக்கு?
வெள்ளி மாலை பிடித்த மழை
ஞாயிறு விடியும்வரை மூச்சு வாங்கவில்லை.
கம்பளத்தின் ஓரம்கூட ஈரமில்லை.

வீடு வாங்கியபோது தந்த கோப்பில் இருக்கிறது:
தரைமட்டம் ஒன்றரை மீட்டர் உயர்த்தப்பட்டுள்ளது.
லாரி லாரியாய்க் கொட்டியிருக்கிறார்கள்,
எங்கோ இடித்த பஞ்சாலையின் செங்கல்லையும் சேர்த்து.
டூலிப் நட ஒரு சாண் தோண்டினால்
மண்வெட்டி ணங்கென்று திரும்பி வரும்.
வெள்ள அபாயம்: மிகக் குறைவு.
அந்த வரியின் கீழே
ரோரி பச்சை மையில் கோடிட்டிருந்தான்.

அதற்கு முன் இது ஆற்றோரப் புல்வெளி.
குளிர்காலத்தில் ஆறு வந்து படுத்திருந்து
மார்ச்சில் எழுந்து போகுமாம்.
எங்கள் சந்துக்கு நீர்க்கோழியின் பெயர் வைத்திருக்கிறார்கள்.
ஆறு வருடத்தில் ஒரு நீர்க்கோழியைக்கூடப் பார்த்ததில்லை நான்.
ஞாயிறு காலை பார்த்தேன்.
எதிர்வீட்டு இரும்புக் கேட்டின் மேல் கம்பியைத் தாண்டி
நிதானமாக நீந்திப் போனது.

எதிர்வரிசை, ஆலைத் தொழிலாளர்களுக்குக் கட்டியது.
நூற்று முப்பது வருடமாய் வாசற்படி நனையாத வீடுகள்.
டிலிஸ் ஹார்ட்லி அங்கே இருக்கிறாள்,
நாற்பத்தி ஒன்பதாம் எண் பேருந்து ஓட்டுகிறாள்.
இத்தனை நாளில் நாங்கள் பேசியது
குப்பைத்தொட்டி வைக்கும் கிழமை பற்றி மட்டும்.

பழைய படுக்கையில் எங்களைப் பார்த்துவிட்டு
ஆறு அவள் கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது,
இடுப்பளவுக்கு.

திங்களன்று கதவைத் தட்டினாள்.
தொடைவரை ரப்பர் காலணி, முடியில் சேறு.
"நிலவறையில் இன்னும் நிற்கிறது.
பம்ப் கிடைத்துவிட்டது, கரண்ட் இல்லை.
ஒரு ப்ளக் கிடைக்குமா?"

கராஜிலிருந்து ஆரஞ்சு வயரை இழுத்துப் போனோம்,
எங்கள் மேட்டிலிருந்து இறங்கி,
சாலையைக் கடந்து,
அவள் கதவின் தபால் துளை வழியாக.
கார்கள் ஏறாமலிருக்க
ரோரி அதன்மேல் எங்கள் மிதியடியைப் போட்டான்.
'நல்வரவு' என்று எழுதிய மிதியடி.

"நூறு வருடத்துக்கு ஒருமுறைதான்
இப்படிப் பெய்யும் என்றார்கள்" என்றேன்,
ஏதாவது சொல்லவேண்டுமே என்று.
"அப்படியானால் நூறு வருடம்
சீக்கிரம் முடிந்துவிட்டது" என்றாள்,
பம்ப்பின் குழாயைத் திருகியபடி.

எங்கள் சந்தின் வாட்ஸப் குழுவில்
ஒருவர் 'தப்பித்தோம்' என்றார்.
ஒருவர் வீட்டு விலை இறங்குமா என்று கேட்டார்.
நான் எதையோ எழுதி
அழித்து
கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.

புதன் இரவு மீட்டர் பெட்டிமேல் ஓர் உறை.
உள்ளே பன்னிரண்டு பவுண்டு.
வெளியே 'ப்ளக்கிற்கு' என்று ஆங்கிலத்தில்.
கடைசி எழுத்தின் வால்
தூண்டில் முள்போல் இடப்பக்கம் வளைந்திருந்தது.

தூக்கம் வராமல் கோப்பை எடுத்தேன்.
நாங்கள் புரட்டாத கடைசிப் பகுதி:
ஆட்சேபணைகள், நாற்பத்தி ஒன்று.
பெயர், முகவரி எல்லாம் கறுப்பு மைக்குள்.
இருபத்தி மூன்றாவது கடிதம் கையால் எழுதியது.
ஒரே வரி.

புல்வெளி தாங்கும் தண்ணீர்
இனி எங்கே போகும்?

அதில் வந்த அந்த எழுத்துக்கும்
இடப்பக்கம் வளைந்த தூண்டில் முள்.

எதிரே, பதில் என்ற கட்டத்தில்
தட்டச்சில் ஒரு சொல்:
குறித்துக்கொள்ளப்பட்டது.

செருப்பில்லாமல் கராஜுக்குப் போனேன்.
இருட்டில் வயரைத் தொட்டேன்.
கதகதவென்று இருந்தது.
அந்த முனையில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது,
இருமல் நிற்காத ஒருவர்போல்.
உறை என் கையிலேயே இருந்தது.
அதைத் திருப்பிக் கொடுக்கும்போது
என்ன சொல்வதென்று
விடியும்வரை ஒத்திகை பார்த்தேன்.