கருகும் வாசம்

காலாஷீல்ஸில் நான்கு நாளாக மழை.
மகனுக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்க வேண்டும்,
அவ்வளவுதான் விஷயம்.
அதற்குப் போய் அடுப்படியில்
எவர்சில்வர் தட்டில் ஐந்து நூல்களைப் பரப்பி
தீக்குச்சியோடு நிற்கிறேன்.

கல்லூரி ஆய்வகத்தில் சம்பளத்துக்குச் செய்கிற வேலை இது.
லேபிள் பொய் சொல்லும்.
தீயில் காட்டினால் நூல் சொல்லாது.

பருத்தி முதலில்.
சட்டென்று பற்றி
பழைய கணக்கு நோட்டைக் கொளுத்தியதுபோல் மணந்து
ஊதினால் பறக்கும் சாம்பலாயிற்று.
சாது என்று எழுதியிருப்பேன்,
நொய்யல் இந்த வாரம் எந்த நிறத்தில் ஓட வேண்டும் என்பதைத்
திருப்பூரில் ஒரு பனியன் முடிவுசெய்த நாட்களில்
நான் அதன் கரையில் வளராதிருந்தால்.

பாலியஸ்டர் எரியவில்லை.
சுருங்கி, உருகி, கறுத்த மணியாகித்
தட்டில் ஒட்டிக்கொண்டது.
நகத்தால் சுரண்டினேன். கத்தியால் சுரண்டினேன்.
சலவைக்குச் சலவை அது உதிர்க்கிற துகள்
ட்வீட் ஆற்றில் இறங்கி
ஏதோ ஒரு மீனின் குடலில்
இப்படித்தான் பிடிவாதமாக உட்கார்ந்திருக்குமோ.
விலை பன்னிரண்டு பவுண்டு. மழை தாங்கும்.
மகனுக்குப் பிடித்த நீலம் வேறு.

பட்டு, என் கல்யாணப் புடவைக் குஞ்சலத்தில் ஓர் இழை.
முடி கருகும் வாசம்.
கொதிநீரில் எத்தனை புழு என்று
மணவறையில் யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

மூங்கில் என்று விற்ற காலுறை
பருத்தி போலவே எரிந்தது.
மரம் எந்தத் தொட்டியில், எந்த மருந்தில் கரைந்தது?
அது தீக்கும் தெரியாது.

கடைசியாகக் கம்பளி.
எல்ஸ்பெத் ரதர்ஃபோர்டின் கொட்டகையிலிருந்து ஒரு பிடி,
கொழுப்பு வாடை போகாமல்.
ரோமம் கத்தரிக்கிறவனுக்குக் கொடுக்கும் கூலியில்
பாதிகூட விற்றால் தேறாது என்கிறாள்.
போன வருஷத்துக் கம்பளி
அவள் வாசல் சேற்றில் மிதிபட்டுக் கிடக்கிறது.
"கத்தரிக்காமல் விட்டால் புழு வைத்துவிடும்."
அப்படியானால் கருணைதானே என்று வாயெடுத்தேன்.
"குட்டிகள் அக்டோபரில் போய்விடும்" என்றாள்.
எங்கே என்று கேட்கவில்லை.
சனிக்கிழமைதோறும் நெஞ்செலும்பு அரைக்கிலோ
அங்கேதான் வாங்குகிறேன்.

கறி வாங்கும் கை கம்பளிக்குத் தயங்கியது.
அதற்குள் குச்சி விரலைச் சுட்டது.

இன்னொரு குச்சி.
பற்றியது, யோசித்தது, தானே அணைந்தது.
மாடியிலிருந்து நன்மாறன் கத்தினான்:
"அம்மா, உன் தலைமுடியா எரியுது?"

எதையும் வாங்கவில்லை.
எல்ஸ்பெத்தின் அக்கா மகன் வளர்ந்து கழித்த
கம்பளிச் சட்டை ஒன்று வந்தது.
முழங்கையில் நைலான் ஒட்டு,
கழுத்தில் அந்துப்பூச்சி தின்ற ஓட்டை.
பள்ளிக்குப் போட்டுவிட்டேன்.
வாசலிலேயே கழுத்தைச் சொறிந்தான்.
"அரிக்குதும்மா."
"எனக்கும்" என்றேன்.
நான் போட்டிருந்தது பருத்தி.

தட்டில் அந்த மணி மட்டும் போகவில்லை.
ஓரமாக அதை விட்டுவிட்டு
ராத்திரிக்கு நாலு இட்லி வைத்தேன்.