நிறுத்தியவர்

கல்யாண மண்டபத்தில் பயிற்சி.
நேற்று யாரோ மாலை மாற்றிக்கொண்ட மேடையில்
ப்ரொஜெக்டர்.
பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
ஜன்னலுக்கு வெளியே
ஆரல்வாய்மொழியின் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க
உள்ளே பதினேழு சூப்பர்வைசர்கள்
கையேட்டால் விசிறிக்கொண்டிருந்தோம்.

பயிற்சி தர வந்த லீலாபாய்
திரையை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.
குளச்சலில் கிரேன் வேலை பார்த்தவராம்.
இடது கையில் இரண்டு விரல் பாதிதான்.
அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
கேட்டது அவர்தான்:
"கடைசியா எப்ப வேலைய நிறுத்தினீங்க?"

மழைக்கு, என்றார் ஒருவர்.
முதலாளி வந்ததுக்கு, என்றார் தக்கலை நேசையன். சிரித்தோம்.
"மழையும் முதலாளியும் நிறுத்தினது இருக்கட்டும்.
நீங்க?"
சாயா வந்தது. பழம்பொரி வந்தது.
பதில் வரவில்லை.

"சரி. உங்கள யாராவது நிறுத்தச் சொன்னாங்களா?"

எனக்குப் பழம்பொரி தொண்டையில் நின்றது.
மாசி மாதம். நாற்பத்தொன்றாம் நம்பர் டவர்.
ஏணிப் பாதியிலிருந்து வாக்கிடாக்கியில் ஜெனோ:
"அண்ணே, இந்தக் கொக்கி வாய் மூடமாட்டேங்கு."
"போன வாரமும் அப்பிடித்தானடே இருந்தது. ஏறு."
ஏறினான்.
எண்ணெய் மாற்றினான், போல்ட் முறுக்கினான், இறங்கினான்,
மட்டிப்பழம் இரண்டு தின்றான்.
ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காததால்
அந்த நாள் எந்த ஏட்டிலும் இல்லை.

நான் கையை உயர்த்தவில்லை.
கையேட்டின் மூலையில் 41 என்று எழுதி
சுற்றி வட்டம் போட்டு
வட்டத்தின் மேல் வட்டம் போட்டுத்
தாளைக் கிழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை.
ஆனிக் காற்று கணவாய் வழியே
கதவைத் தள்ளும் கடன்காரன் மாதிரி வந்தது.
மீட்டரில் பன்னிரண்டு. பதின்மூன்று. பன்னிரண்டு.
பன்னிரண்டுக்கு மேல் ஆள் ஏறக்கூடாது,
அது எல்லாருக்கும் தெரியும்.
பன்னிரண்டரையை என்ன செய்வதென்று
யாருக்கும் தெரியாது.
மேலே ஜெனோவும் பூதப்பாண்டி சுயம்புவும்.
"இறங்குங்க" என்றேன்.
"என்னண்ணே?"
காற்றில் கேட்கவில்லையோ,
என் வாயில் அந்தச் சொல் புதிதோ.
"இறங்குங்கடே. ரெண்டு பேரும்."

அவர்கள் கால் தரையில் பட்டதும்
காற்று ஓய்ந்தது.
ஒன்பது. எட்டரை.
தோவாளைப் பக்கம் ஒரு வாழையிலைகூட ஆடவில்லை.
சுயம்பு வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பீடி பற்றவைத்தான்,
முதல் குச்சியிலேயே.

நாகர்கோவில் ஆபீசிலிருந்து போன்.
மத்தியானத்துக்குள் ஓடவேண்டிய மெஷின்,
எத்தனை யூனிட் நஷ்டம் என்று
எனக்கே கணக்குச் சொன்னார்கள்.
"நீரு என்ன ஓய், சோசியம் பாக்கீரா?"

பெர்மிட் ஏட்டில் எழுதினேன்:
நிறுத்திய நேரம், 10.40. காரணம், காற்று.
நிறுத்தியவர், ரசலையன்.
ஐந்து வருஷத்தில் அந்தக் கட்டத்தில் முதல் மை.

ஜெனோ பெல்ட்டைக் கழற்றி
மேஜையில் வைத்தான்.
"இதையும் எழுதுங்கண்ணே."
கொக்கியை அழுத்திக் காட்டினான்.
விட்டான். அது திறந்தே கிடந்தது.

எழுதினேன்: கொக்கி, எண் ஏழு. மூடவில்லை.
தெரிவித்தவர், ஜெனோ.
தெரிவித்த தேதி
என்ற இடத்தில் பேனா நின்றது.

அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மாசி, என்று எழுதினேன்.