நாலாவது ஆள்

"இதைக் காடியில் போட்டுவிடுங்கள்" என்றேன்
இரண்டு கிலோ கேரட்டைக் காட்டி.
மூஞ்சிக்கல் காய்கறிக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்து
"ஊறுகாய்க்கா மேடம்?" என்றார்.
ஈப்போவில் காடி என்றால் கார்.
அன்றிலிருந்து கார் என்றே சொல்கிறேன்,
வாய்க்குள் ஒருமுறை மொழிபெயர்த்துக்கொண்டு,
தமிழிலிருந்து தமிழுக்கு.

முதல் நான்கு மாதம்
கேஸ் கொண்டுவரும் பையனோடு பேசினேன்.
சீஸ் கம்பெனியில் கணக்கு கேட்டவர்களோடு பேசினேன்.
வங்கியில், ஆதார் இல்லையா என்றவரிடம்
இல்லை என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை சந்தையில்
தேவையில்லாமல் பேரிக்காய் வாங்குவேன்.
விலை கேட்டால் நாலு வார்த்தை கிடைக்கும்,
பேரம் பேசினால் பத்து.
வீடெல்லாம் பேரிக்காய் அழுகும் வாசனை.

பிலோமினா வத்தலக்குண்டுக்கு மாற்றலாகிப் போனது
எனக்கு அடித்த யோகம்.
அவளை நான் பார்த்ததுகூட இல்லை.
புதனும் வெள்ளியும் மாலை ஆறரைக்கு
மாதா கோயில் மண்டபத்தில் ஆடும் நால்வரில்
ஒருத்தி குறைந்துபோனாள்.
என் இருமல் மருந்துக்கு பில் போட்டபடி
மருந்துக்கடை நூர்ஜகான் கேட்டாள்:
"உங்களுக்கு ஷட்டில் ஆட வருமா?"

மலேசியாக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது!
ஏதோ கொஞ்சம், என்றேன்.
எங்கள் ஊரில் அதற்குப் பூப்பந்து என்று பெயர்.
சொல்லவில்லை. கேரட் ஞாபகம் இருந்தது.

பிலோமினாவின் மட்டை, பச்சை டேப் சுற்றிய கைப்பிடி,
அவள் விரல்கள் அழுத்திய பள்ளத்தில் என் விரல்கள்.
"ஃபிலோ, பின்னாடி!" என்று கத்துவாள் தையல்கார செசிலி.
ஓடுவேன் பின்னாடி.
மூன்று வாரம் அந்தப் பெயருக்கே ஓடினேன்.

முதல் நாள் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துத் தொலைத்தேன்.
மண்டபம் அமைதியாகிவிட்டது.
அடுத்த புதன் கூப்பிடமாட்டார்களோ என்று
இரவெல்லாம் தூக்கமில்லை.
பிறகு பழகிக்கொண்டேன்:
வலையில் அடிப்பது, கோட்டைத் தாண்டி அடிப்பது,
ஐயோ என்று நெற்றியில் தட்டிக்கொள்வது.

ஒரு வெள்ளிக்கிழமை
தகரக்கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது
செசிலி ஆட்டத்தை நிறுத்தி
வலைக்குக் கீழே குனிந்து வந்தாள்.
"தவமணி, தோத்துக் குடுக்காதீங்க.
எனக்குக் கெட்ட கோபம் வரும்."
இந்த மலையில் ஒருவர் என் பெயரைச் சொன்னது
அதுதான் முதல் முறை,
திட்டுவதற்காக.
அடுத்த ஆட்டத்தில் அவளை
இருபத்தொன்றுக்கு ஏழில் வீழ்த்தினேன்.
அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

ஆனாலும் பழக்கம் ஆட்டத்தில் வரவில்லை.
எட்டு மணிக்குச் சந்தில் காட்டுமாடு நிற்கும்,
யாரும் தனியாகப் போகக்கூடாது.
நாலு டார்ச்சும் அணைத்து
மதிலோரம் ஒட்டி நிற்போம்,
அது நகர முக்கால் மணி நேரம் ஆகும்.
நூர்ஜகானின் மகன் பரீட்சை, செசிலியின் வாடகை,
தபால் ஆபீஸ் ஜெயசீலிக்கு வந்து நின்றுபோன கல்யாணம்,
என் அப்பா சாவுக்கு நான் போகாதது
எல்லாம் அந்த இருட்டில்தான் பேசினோம்,
மாட்டுக்குக் கேட்காத குரலில்.
என்னிடம் பிடித்துக்கொண்ட ஒரு சொல்லை வைத்து
"பசியாறியாச்சா?" என்பாள் ஜெயசீலி, இரவு எட்டரைக்கு.
அது காலையில் மட்டும் கேட்பது.
ஆச்சு, என்பேன்.

ஈஸ்டர் லீவுக்கு பிலோமினா வந்தாள்.
உயரமாக இருப்பாள் என்று ஏனோ நினைத்திருந்தேன்.
மட்டையை நீட்டினேன், டேப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.
நான் பெஞ்சில் உட்கார்ந்து புள்ளி எழுதினேன்.
வயிற்றில் பழைய பேரிக்காய் வாசனை.

இரண்டாவது ஆட்டம், பந்து உயரே போனது,
"தவமணி, பின்னாடி!" என்று கத்தினாள் செசிலி.
பிலோமினா நடுவிலேயே நின்று
யாரது என்பதுபோல் பார்த்தாள்.
பந்து விழுந்தது.
புள்ளியை எதிர்ப்பக்கம் எழுதினேன்,
நேர்மையாக.

மாடு நிற்கிறதா என்று பார்க்க
நூர்ஜகான் டார்ச்சோடு வெளியே போனாள்.
கதவு வழியாக மஞ்சு உள்ளே வந்தது.
நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.