ஐந்தரை ரூபாய்

பரதராமி தாண்டி, சித்தூர் சாலையில்
வலப்பக்கம் எங்கள் கேட்.
ஜூன் பதினொன்று, இரவு ஒன்றே முக்கால்.
வெளியே நாற்பத்துமூன்று வண்டிகள்.
டிராக்டர்கள், டாடா ஏஸ்கள், கண்ணாடி உடைந்த ஓர் ஈச்சர்.
எல்லாவற்றிலும் பெங்களூரா,
தார்ப்பாய்க்குள் தானாகவே சூடேறிக்கொண்டு.

உள்ளே, போன வருடத்துக் கூழ்
ஆயிரத்து எண்ணூறு டிரம்.
ஜெத்தாக்காரர் இன்னும் "பார்க்கிறேன்" என்கிறார்.
அவர் பார்க்கும் நாட்களுக்கெல்லாம்
எனக்கு வட்டி பன்னிரண்டேகால்.

ரஹமத்துல்லா மூன்று கணக்கு போட்டு வைத்திருந்தார்:
சிவப்பு, மஞ்சள், பச்சை.
பச்சையிலும் நஷ்டம்தான்.
நிறம் மட்டும் கொஞ்சம் மரியாதையானது.

சென்னையிலிருந்து பங்குதாரர் போனில்:
"இந்த சீசன் மூடிடுங்க. அடி அளவோட நிக்கும்."
அவர் சொன்னது சரி.
சரியான ஒன்றை மறுக்க வேண்டியிருக்கும்போது
பேச வார்த்தை கிடைப்பதில்லை.
"சிக்னல் சரியில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எல்லைக்கு அந்தப்பக்கம்
எட்டு ரூபாய் என்று போர்டு எழுதியிருக்கிறார்கள்.
கையில் தருவது சீட்டு.
பணம் கார்த்திகையில், பெய்தால்.

நானும் எழுதியிருக்கிறேன் அந்த எட்டு.
மூன்று வருடம் முன்பு, இதே போர்டில்.
எல்லோரும் எழுதினார்கள், எழுதினேன்.
யாதமரி வெங்கடமுனி
தைமாதம் முழுக்க, செவ்வாய்க்கிழமை தோறும்
வரவேற்பறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.
திட்டவில்லை. கேட்கவுமில்லை.
பன்னிரண்டரைக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து
களி சாப்பிட்டுவிட்டு, கை கழுவ எங்கே என்று மட்டும் கேட்பார்.
அந்த மாதம் நான் பின்வாசலால் போய் வந்தேன்.
நிர்வாக இயக்குநர் என்று
பித்தளையில் பெயர் பொறித்த கதவு
முன்பக்கம் இருந்தது.

இரும்புப் பெட்டியில் ஏழரை லட்சம்.
மதியம் குடியாத்தத்தில் எடுத்தது,
சனிக்கிழமைக் கூலிக்கு.

பாய்லர் அருகே பொன்னுரங்கம்
பீடியை அணைத்துக் காதில் செருகினார்.
"சனிக்கிழமை தள்ளிப்போகும்" என்றேன்.
"எத்தன நாளு?"
"தெரியலை."
கொஞ்ச நேரம் நெருப்பில்லாத அடுப்பையே பார்த்தார்.
"தேதி சொல்லியிருந்தீங்கன்னா
நம்பியிருக்க மாட்டேன்."
அது சம்மதமா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.
அந்த வசதி என் நாற்காலிக்கு உண்டு.

இரண்டு லைனில் ஒன்று மட்டும் ஓடும்.
ஏழரை லட்சம் தீரும் வரை ஓடும்.
வெளியே போய்
சேலைத் தலைப்பால் பழைய விலையைத் துடைத்தேன்.
சாக்பீஸ் இரண்டாக முறிந்தது.
குட்டைத் துண்டால் எழுதினேன்:
ஐந்தரை. எடை போட்டதும் ரொக்கம்.

ஹாரன் ஒன்று நீளமாக அலறியது.
யாரோ தெலுங்கில் என் தகப்பனை விசாரித்தார்கள்.
ஒன்று, நான்கு, ஒன்பது...
விளக்குகள் சித்தூர்ப் பக்கம் திரும்பின.
பதினேழில் எண்ணுவதை நிறுத்தினேன்.
போகிறவர்கள் முட்டாள்கள் இல்லை.
எட்டு என்பது ஐந்தரையைவிடப் பெரிது;
மகள் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவனிடம்
சீட்டையாவது காட்டலாம்.

புழுதி அடங்கியபோது
வரிசையின் நடுவே பெரிய ஓட்டை.
அதற்குப் பின்னால் ஒரு சிவப்பு டிராக்டர்.
அதில் வெங்கடமுனி.
போர்டைப் படித்தார். என்னைப் பார்த்தார்.
மறுபடி போர்டை.
"ரொக்கமேனா?"
"எடை போட்டதும்."

அவர் இஞ்சினை அணைக்கவில்லை.
முன்னே வரவும் இல்லை.
தூக்குச்சட்டி அவர் காலடியில்
இஞ்சினோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

பொன்னுரங்கம் முதல் விறகைத் தள்ளினார்.
ஆவி ஏற ஒன்றரை மணி நேரம்.
ரஹமத்துல்லா பெட்டியைத் திறந்தார்.
நாளை இரவுக்கு என்ன வழி என்று
அவர் கேட்கவில்லை.
நான் ஐந்நூறுகளைத் தனியாக
அடுக்கத் தொடங்கினேன்.