வளர்பிறை முகூர்த்தம்

மூன்று பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வருகிறது.
விட்டுவிட்டு வருகிறது.
ஆவணியில் நாலு தரம்,
புரட்டாசியில் இல்லவே இல்லை,
ஐப்பசியில் மறுபடி.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் ஓர் அம்மா உறுப்பினர்.
மாதம் ஒரு கூட்டம், ஒரு டீ, ரெண்டு பிஸ்கட், கையெழுத்து.
ஹெச்.எம். காட்டிய தேதிகளை
ஜாக்கெட் அளவு நோட்டில்
யாருடைய கைச்சுற்றளவுக்கோ கீழே குறித்துவந்து
தையல் மிஷினுக்கு மேல் தொங்கும் காலண்டரைப் பார்த்தேன்.
புரட்டாசியில் கல்யாணம் கிடையாது.
காய்ச்சலும் கிடையாது.

விடிகாலை நாலு மணிக்கு
பள்ளத்தூர் பஸ் ஸ்டாப்பில் வேன் நிற்கும்.
அண்டா, கரண்டி, இலைக்கட்டு.
நடுவில்
பன்னிரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கடைசி பெஞ்சு
முழுசாக.
கானாடுகாத்தானில் பெரிய வீட்டு விசேஷம் என்றால்
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு.
ஆறு பந்தி முடிக்கையில்
வாளியோடு ஊரைச் சுற்றிவந்த கால்வலி.
கூலி அறுநூறு. மிஞ்சினால் பொட்டலம்.

வைரவமூர்த்தியின் அம்மா மறைக்கவில்லை.
“அந்த அறுநூறுதான்க்கா சீட்டுக்குப் போகுது.
பொட்டலம் மறுநா மத்தியானம் வரைக்கும் வரும்.
படிப்பு படிப்புங்கிறீக,
நான் வேணாம்னா சொன்னேன்?”
என்னிடம் பதில் இல்லை.
கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடைக்கலம் மாஸ்டர் அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை.
“நான் விட்டா தேவகோட்டைக்காரன் ஏத்திக்கிட்டுப் போவான்.
பயலுக இல்லாம
சாம்பார் தானா நடந்து போகுமா?”

நல்ல கேள்வி.
நாலு நாள் அதையே தைத்துக்கொண்டிருந்தேன்.
ஒரு ஜாக்கெட்டுக்கு
ரெண்டும் இடக்கையாகவே வைத்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் கேட்டேன்,
பையன்களின் அம்மாக்களிடமே:
பள்ளிக்கூட நாளில்
வாளியை நீங்கள் தூக்குவீர்களா?
சிரித்தார்கள்.
கூலி எவ்வளவு என்றார்கள்.
அதே அறுநூறு.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

“பொம்பளையாளுக பந்தியிலயா...”
மாஸ்டர் இழுத்தார்.
தை மாதத்து ஆள் பஞ்சம் வந்து
அந்த இழுப்பை அறுத்தது.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை.
முகூர்த்தமும் கணக்குப்பதிவியல் பரீட்சையும் சேர்ந்து வந்தன.
வேனில் அம்மாக்கள் ஏறினார்கள்.
ரசம் சிந்தி ஒருத்திக்கு மணிக்கட்டு வெந்தது.
இலைக் கணக்கில் பதினேழு தவறியது.
கடைசிப் பந்தியில் யாரோ கேட்டாராம்,
“பாயசத்துக்கு இன்னொரு கை போடும்மா” என்று.
அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

நான் அப்போது பள்ளிக்கூட கேட்டில்
தலையை எண்ணிக்கொண்டிருந்தேன்.
வைரவமூர்த்தி.
முகேஷ்பாண்டி, சட்டைப் பையில் நாலு பேனா.
மணி அடித்தது.
கேட்டைச் சாத்தினார்கள்.

சகாயராஜ் வேனில் இருந்தான்.
அம்மாக்களுக்கு நடுவே,
பெரிய வாளியை மடியில் வைத்துக்கொண்டு.
அவனுக்கு அம்மா இல்லை.
அவனுக்குப் பதிலாக ஏற ஆளில்லை என்பதை
என் நோட்டில் எந்த அளவுக்குக் கீழும்
நான் எழுதியிருக்கவில்லை.

மே மாதம் ரிசல்ட்.
வைரவமூர்த்திக்கு அந்தத் தாளில் எழுபத்தொன்று.
முகேஷ்பாண்டிக்கு முப்பத்தெட்டு;
தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான்.
சகாயராஜ் பெயருக்கு நேரே
மார்க் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எழுத்து மட்டும்.

ஆனியில் துணைத்தேர்வு.
பணம் கட்டியாயிற்று.
காலண்டரைத் திருப்பினேன்.
அன்றைக்கும் வளர்பிறை, அன்றைக்கும் முகூர்த்தம்,
கோட்டையூரில் எண்ணூறு இலை.

“அவனுக்குப் பதிலா யாரு?” என்றார் மாஸ்டர்,
இந்தத் தடவை திரும்பிப் பார்த்து.
கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பைச் சுருட்டி
பைக்குள் போட்டேன்.

நாளை நாலு மணிக்கு வேன்.
சாம்பார் வாளி எவ்வளவு கனம் என்று
நான் இதுவரை தூக்கிப் பார்த்ததில்லை.